மடியில் கனம், வழியில் பயம்

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எல்லோரும் இதை மனச்சாட்சிக்குச் சொல்கிற பழமொழியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் வங்கியில் பணம் எண்ணியவனாகிய நான் அதை அப்படியே நேர்பொருளில் எடுத்துக்கொள்கிறவன். மடி என்றால் வேட்டி மடிப்பு. கனம் என்றால் காசு. வழி என்றால் வழிதான்.

2015இல் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்தார். பஸ் மாதிரி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. அதில் ஒன்பது நாள் யெல்லோஸ்டோன் காட்டுப்பக்கம் போய்வருவதாகத் திட்டம். எனக்கு முதலில் வந்த கேள்வி, "பணத்தை எங்கே வைப்பது?" என்பதுதான்.

"மாமா, கார்டு இருக்கே. எதுக்கு இவ்வளவு கேஷ்?" என்றார் மாப்பிள்ளை. கையில் எண்ணூறு டாலர், இரண்டு பாஸ்போர்ட், மனைவியின் சங்கிலி, வளையல். வண்டியின் வெளிப்பக்கம் சாமான் வைக்கிற அறை ஒன்று பூட்டோடு இருந்தது. அதில் வைத்துவிடலாம் என்றேன்.

அன்று மாலை முகாமில் பக்கத்து வண்டிக்கார அமெரிக்கப் பெரியவர் ஒருவர் பேச வந்தார். என்னைப் போலவே ஓய்வுபெற்றவர். பூட்டைப் பார்த்துச் சிரித்தார். தன் சாவிக்கொத்தை எடுத்து எங்கள் அறையைத் திறந்து காட்டிவிட்டார்! சாவியில் 'சி.எச். 751' என்று பொறித்திருந்தது. அந்த நாட்டில் இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றின் சாமான் அறைக்கு இதே ஒரே சாவிதானாம். கடையில் யாரும் வாங்கலாமாம்.

பிறகு அவரே சில வழிகள் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே. திருடன் முதலில் பார்ப்பது கட்டிலையொட்டிய இழுப்பறை, அப்புறம் குளிர்பெட்டி. சொந்த வண்டியாக இருந்தால் சின்ன இரும்புப்பெட்டி வாங்கித் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிடலாம். வாடகை வண்டியில் அது முடியாது. அதனால் கொஞ்சம் உடம்போடு, கொஞ்சம் சமையல் சாமானோடு, மிச்சம் வங்கியில் என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இதைத்தானே எங்க ஆச்சி செஞ்சாங்க" என்றாள். எண்ணூறு டாலரில் பாதி அரிசி டப்பாவுக்குள் போயிற்று. பாஸ்போர்ட்டும் நகையும் அவள் உள்பாவாடையில் தைத்திருந்த பையில் ஏறின.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1968. என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். நகைக்காக மெட்ராஸில் இருந்த மாமாவிடம் 1,600 ரூபாய் கடன் வாங்கப் போனார். அன்றைக்கு அதில் பத்துப் பவுனுக்கு மேல் வாங்கலாம். "டிராப்ட் எடுத்துத் தரட்டுமா மச்சான்?" என்று மாமா கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் வங்கி கிடையாது. கோவில்பட்டிக்குப் போக வேண்டும். அப்பாவுக்குக் கணக்கும் கிடையாது, கணக்கு ஆரம்பிக்க அறிமுகக் கையெழுத்துப் போட ஆளும் தெரியாது. "வேண்டாம், கையில் கொடு" என்று வாங்கித் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பூரில் இரவு ரயில் ஏறினார்.

விழுப்புரம் தாண்டும்வரை விழித்திருந்தாராம். விடிந்தபோது வேட்டி மடிப்பு பிளேடால் சுத்தமாகக் கிழிக்கப்பட்டிருந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

கல்யாணம் பதினொரு மாதம் தள்ளிப்போயிற்று. மாமாவின் கடன் அடைய ஆறு வருடம் ஆயிற்று. அப்பா அதைப்பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறினால் அவர் வலது கை இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். சட்டைப்பையில் டிக்கெட் தவிர ஒன்றும் இல்லாத நாளிலும் அப்படித்தான்.

வங்கியில் சேர்ந்த பிறகு, வழியில் பணத்தை எப்படிக் காப்பது என்ற இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படித்தேன். எங்கள் அப்பாவுக்கு முன்னால் எத்தனையோ தலைமுறை இதே கவலையோடு நடந்திருக்கிறது.

எங்கள் நெல்லைச் சீமையில் பாளையக்காரர் காலத்தில் திசைக்காவல் என்று ஒரு முறை இருந்தது. பாதைக்கும் ஊர்களுக்கும் காவல் பொறுப்பு பாளையக்காரருடையது. அதற்காக ஊரார் காவல் கூலி கட்ட வேண்டும். பொருள் களவுபோனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் காவல் கூலியே அடாவடி வசூலாக மாறிய ஊர்களும் உண்டு. 1801இல் பாளையங்களை ஒடுக்கிய கம்பெனி அந்தக் காவல் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் காசியாத்திரை போவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஏனுகுல வீராசாமி ஒரு சாட்சி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி வேலை பார்த்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பி 1831 செப்டம்பரில் திரும்பினார். பல்லக்கு, கூடாரம், சமையல்காரர், சுமைகூலிகள் என்று ஏறக்குறைய நூறு பேர் கூடப் போனார்கள். அந்தப் பயணத்தைத் தெலுங்கில் எழுதியும் வைத்தார். படித்தபோது இதுவும் ஒரு மோட்டார் ஹோம்தான் என்று தோன்றியது. சமையலறையும் படுக்கையும் கூடவே நகர்கின்றன. மோட்டாருக்குப் பதில் மனிதர்கள்.

அவர் போன காலத்தில் ஒரு சீமைக் காசு அடுத்த சீமையில் அப்படியே செல்லாது. ஹைதராபாத் ரூபாய் வேறு, நாகபுரி ரூபாய் வேறு. ஒவ்வொரு இடத்திலும் சராப்பிடம் மாற்றி வட்டம் கொடுக்க வேண்டும். 1835இல்தான் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுதுக்கும் ஒரே ரூபாய் கொண்டுவந்தது.

காசு கனம் மட்டுமல்ல, அது உயிருக்கும் ஆபத்து. தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரர்கள் பயணிகளோடு பயணிகளாகச் சேர்ந்து நடந்து, பேசிப் பழகி, கழுத்தில் துணியைப் போட்டு முறுக்குவார்கள் என்று படித்திருப்பீர்கள். தென்னாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்ததைச் சென்னையில் இருந்த டாக்டர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816இல் எழுதினார். வெள்ளைக்காரர்கள் இந்தக் கதையை எவ்வளவு ஊதிப் பெருக்கினார்கள் என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அது இருக்கட்டும். என் கண்ணில் பட்டது வேறொன்று. 1810இல் வடக்கே கம்பெனிப் படையின் மேஜர் ஜெனரல் செயின்ட் லெஜர் சிப்பாய்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். விடுப்பில் ஊருக்குப் போகும் சிப்பாய்கள் வழியில் கொல்லப்படுகிறார்கள். சேமித்த சம்பளத்தை ரொக்கமாகக் கொண்டுபோகாமல் உண்டியலாக மாற்றிக்கொண்டு போங்கள் என்பது அதன் சாரம். வருடக்கணக்கில் பட்டாளத்தில் கிடந்து சேர்த்த காசு, அம்மாவிடம் கொடுக்கப் போகிற வழியில் உயிரையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறது.

உண்டியல் என்றதும் கோவில் உண்டியல் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. வடநாட்டு ஹுண்டி. இந்த ஊர் வியாபாரியிடம் பணம் கட்டினால் அவர் ஒரு சீட்டு எழுதித் தருவார். அதைக் காசியிலோ கல்கத்தாவிலோ அவருடைய ஆளிடம் காட்டினால் பணம் கிடைக்கும். காட்டியதும் தர வேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தர வேண்டியது தவணை உண்டியல். சீட்டு தொலைந்தால்? இரண்டாவது பிரதி எழுதித் தருவார்கள், அதற்குப் பெயர் பேட். அதுவும் போனால் மூன்றாவது, பர்பேட். எதன்மேல் பணம் தந்தாலும் மற்றவை செல்லாது. நம் நகரத்தார் செட்டியார்கள் பர்மா, மலேயா வரைக்கும் இதில் கைதேர்ந்தவர்கள். ஒரு தாள், அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் சொல். அந்தச் சொல் தவறினால் தொழிலே போய்விடும் என்பதுதான் அங்கே பூட்டும் சாவியும்.

இன்னொரு யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது. கரன்சி நோட்டு வந்த புதிதில் அதைத் தபாலில் அனுப்புகிறவர்கள் நோட்டைச் சரிபாதியாக வெட்டுவார்கள். ஒரு பாதியை முதலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்த பிறகு மறுபாதி போகும். இரண்டு பாதியிலும் நம்பர் இருக்கும். ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். பாதி நோட்டைத் திருடி என்ன செய்வது? 1880இல் தபால் இலாகா மணியார்டர் தொடங்கிய பிறகு சாமானியர்களுக்கு இந்த வேலை மிச்சமானது.

வெளிநாட்டிலும் இதே பாடுதான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் தலைவர் ஃபார்கோ ஐரோப்பாவுக்குப் போனபோது, பெரிய நகரங்களுக்கு வெளியே அவர் கொண்டுபோன கடன்கடிதத்துக்கு யாரும் எளிதில் பணம் தரவில்லையாம். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1891இல் வந்த டிராவலர்ஸ் செக். அதன் சூட்சுமம் எளிமையானது. வாங்கும்போது வங்கி அலுவலர் முன் ஒரு கையெழுத்து. மாற்றும்போது அதே தாளில் இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால் பணம். தொலைந்தால் நம்பரைச் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

1969இல் பதினான்கு வங்கிகள் தேசியமயமானபின் கிராமமெல்லாம் கிளை திறந்தார்கள். அந்த அலையில்தான் நானும் குமாஸ்தாவாக உள்ளே போனேன். கவுண்டரில் டிராவலர்ஸ் செக் விற்கும்போது ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: "நம்பர் எழுதின சீட்டைத் தனியா வையுங்க. செக்கோட சேர்த்து வைக்காதீங்க." பாதிப்பேர் என் முன்னாலேயே இரண்டையும் ஒரே உறையில் போட்டு மூடுவார்கள்!

கிராமத்துக் கிளையில் இருந்தபோது ஒரு விவசாயி, மகள் கல்யாணத்துக்காக மதுரைக்கு ரொக்கம் எடுத்துப் போகப் பணம் கேட்டு வந்தார். மேலதிகாரி முறைத்தாலும் பரவாயில்லை என்று அவரை உட்காரவைத்து, அரை மணி நேரம் பேசி, நகைக்கடை பேரில் டிராப்ட் எடுத்துக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு பாடு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

1967 ஜூனில் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் பணம் தரும் இயந்திரம் வந்துவிட்டது. அதற்குக் காரணமான ஷெப்பர்ட் பேரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். அப்பாவின் மடி கிழிவதற்கு ஒரு வருடம் முன்பே உலகத்தில் அதற்கு மருந்து இருந்திருக்கிறது. நம் நாட்டுக்கு அது வந்தது 1987இல். எங்கள் ஊர் பஜாருக்கு வந்தபோது அப்பா இல்லை.

இப்போது யு.பி.ஐ. வந்துவிட்டது. டீக்குக்கூட யாரும் சில்லறை தருவதில்லை. பிளேடு வேண்டாம், கழுத்துத் துணி வேண்டாம். போன் வருகிறது, மரியாதையாகப் பேசுகிறான், ஓ.டி.பி. கேட்கிறான். கூடவே நடந்துவந்து பழகின தக்கரின் வேலைதான் இதுவும். என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வழிச்செலவுக்குத் தனிக் கணக்கு வையுங்கள்; அதில் கொஞ்சமாகப் போடுங்கள்; ஓய்வூதியம் வருகிற கணக்கை போனில் இணைக்காதீர்கள். அமெரிக்கப் பெரியவர் சொன்ன அதே மூன்று பங்குதான்.

யெல்லோஸ்டோனில் எங்கள் பணம் ஒன்றும் போகவில்லை. கடைசிநாள் மகள் அரிசி களையும்போது இரண்டு நூறு டாலர் நோட்டுகள் தண்ணீரில் மிதந்தன, மறந்தே போயிருந்தோம். காயவைத்து எடுத்தோம்.

திரும்பிவந்து அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா அன்னிக்கு ரயில்ல தூங்கினது தப்பில்லைடா. அதுக்கு முந்தின ரெண்டு ராத்திரி கடன் கேக்கணுமேன்னு தூங்கவே இல்ல அவரு" என்றாள். நாற்பத்தேழு வருடத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.