ஏரி நீருக்குத் திட்டமிடுவோர் யார்? ஆரணிப் பகுதியும் 2000ஆம் ஆண்டுப் பாசனச் சட்டமும்

பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணியைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்பவை. ஜவ்வாது மலையிலிருந்து வரும் கமண்டல நாகநதியும், படவேட்டுக்கு அருகே அதன் குறுக்கே கட்டப்பட்ட செண்பகத்தோப்பு அணையும் (கொள்ளளவு சுமார் 287 மில்லியன் கன அடி) கால்வாய்கள் வழியே இவ்வேரிகளுக்கு நீர் தருகின்றன. மழைக்காலம் தவிர ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். ஆகவே, வந்த நீரை எந்த மதகில், எத்தனை நாள், யாருடைய வயலுக்கு முதலில் விடுவது என்பதே சாகுபடியைத் தீர்மானிக்கிறது.

40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு கொண்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. இரண்டாம் வகைக்கு உழவர் பங்கேற்பை வழங்கியது 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம். இதன்படி ஆயக்கட்டுதாரர்கள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமாக இணைந்து, தேர்தல் மூலம் தலைவரையும் உறுப்பினர்களையும் தெரிவு செய்கின்றனர். பருவந்தோறும் நீர்ப் பங்கீட்டுத் திட்டமும் பராமரிப்புத் திட்டமும் இச்சங்கத்தின் பணிகள்.

நோக்கம் நல்லது. ஆனால் இச்சட்டத்தில் ‘விவசாயி’ என்பவர் நில ஆவணத்தில் பெயருள்ளவர். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர், வாரத்திற்குப் பயிரிடுபவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள் ஆகிய எவரும் வாக்காளர் அல்லர். 2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்ட மக்களில் சுமார் 23 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோர் நிலத்தில் உழைப்பவர்களே தவிர, நிலத்திற்கு உரியவர்கள் அல்லர்.

இந்த நிலமின்மை தானாக வந்ததன்று. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பிற சாதியினருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. நிலம் போனபோது வருங்காலப் பாசனச் சங்கத்தின் வாக்கும் சேர்ந்தே போனது.

முரண் இங்கேதான் இருக்கிறது. ஏரியை அறிந்தவர்கள் யார்? மதகைத் திறந்து மூடியவரும், இரவில் கரையைக் காவல் காத்தவரும், கடைமடைக்கு நீர் எட்டியதா என்று நடந்து பார்த்தவரும் நீர்கட்டிகளே. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவர்கள் தலித்துகள். 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் கரை உடைப்பை அடைக்க ‘உழைக்கும் வகுப்பினரை’ அழைக்க அதிகாரம் தந்தது. மண் சுமக்க அழைத்த சட்டத்திற்குச் சாதிப் படிநிலை தெரிந்திருந்தது; திட்டமிட அழைக்கும் சட்டத்திற்கு அது கண்ணில் படவில்லை! 2017இல் புத்துயிர் பெற்ற குடிமராமத்துத் திட்டமும் ஆயக்கட்டுதாரர்களிடமே 10 விழுக்காட்டுப் பங்களிப்பைக் கேட்டது. அது உடலுழைப்பாகவும் இருக்கலாம் என்பது விதி. அந்த உழைப்பு நடைமுறையில் யாருடைய தோளிலிருந்து வரும் என்பதை ஊரறியும்.

சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 15(2) கூறு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் ஏரி, குளம், கிணறுகளைப் பயன்படுத்துவதில் சாதித் தடையை விலக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(g) பிரிவு, 2015 திருத்தத்திற்குப் பின், பட்டியல் சாதியினரின் நீர், பாசன வசதி மீதான உரிமையில் குறுக்கிடுவதைக் குற்றமாக்குகிறது. கடைமடைத் தலித் வயலுக்கு வரும் நீரைச் சாதியின் பேரால் மறிப்பதும் இதில் அடங்கும். எனினும் இவை பயன்பாட்டு உரிமையைக் காப்பவை. 1927இல் மகத்தின் சவதார் குளத்தில் அம்பேத்கர் நிலைநாட்டியது நீர் எடுக்கும் உரிமையை. நீரைப் பகிர்ந்து முடிவெடுக்கும் உரிமைக்கு இன்னும் தனிச் சட்டம் தேவை. உழுபவரையும் நீர்கட்டியையும் வாக்குள்ள உறுப்பினராக்கும் திருத்தமே அதற்கு நேர்வழி.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. குத்தகை உழவர்கள் 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு கோரலாம். நில உடைமையாளரின் சினத்திற்கு அஞ்சிப் பலர் கோருவதில்லை என்பது வழக்காடும் எவருக்கும் தெரிந்ததே. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் சங்கத்தின் வாக்காளர் பட்டியலைப் பெற்று, ஆயக்கட்டு வரைபடத்தோடும் பஞ்சமி நிலப் பதிவேட்டோடும் ஒப்பிடும் வேலையை ஒரு கல்லூரி மாணவர் குழு ஒரே விடுமுறையில் முடிக்கலாம்.