சிராங்கூன் சாலையும் உப்புநீர்ச் சிகிச்சையும்

1844-ஆம் ஆண்டில் பேர்ல்ஸ் ஹில் குன்றின்மீது அடிக்கல் நாட்டப்பெற்ற டான் டோக் செங் மருத்துவமனை, 1860-களின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் தாழ்நிலத்திற்குப் பெயர்ந்து, 1909-இல் மோல்மீன் சாலையை அடையும்வரை, நம்மவர் மாடு கட்டிப் பால் கறந்து பிழைத்த அவ்வட்டாரத்தின் அருகிலேயே ஏழை நோயாளிகளுக்குப் புகலிடமாக விளங்கிற்று. அந்நாளில் சிங்கப்பூரை நடுங்கவைத்த வியாதிகளுள் வாந்திபேதியும் ஒன்று. 1873-இல் அது பரவிய பின்னரே, அடுத்த ஆண்டில் செயின்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுத்தடுப்பு நிலையம் எழுந்தது.

வாந்திபேதியால் நீர் வற்றிச் சாகும் ரோகிக்கு ரத்தநாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றலாம் என்பதை ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து வைத்தியர் தாமஸ் லாட்டா 1832-இலேயே செய்து காட்டியிருந்தும், அம்முறை பல்லாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்ததற்கு, அதைக் கையாண்ட விதத்திலிருந்த குறைகளே பெருங்காரணம். மரணத் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருத்திக்கு அவர் அரைமணி நேரத்தில் 6 பைண்ட் நீரை ஏற்றவே, குழிந்த கண்கள் ஒளிபெற்று, நாடி திரும்பிற்று. இனி அபாயமில்லை என்று எண்ணி அவர் அகன்றபின் பேதி மீண்டும் தொடங்க, இழந்ததை ஈடுசெய்வாரின்றி, சில மணி நேரத்தில் அவள் உயிர் பிரிந்தது.

கல்கத்தாவில் வைத்தியர் லியோனார்ட் ராஜர்ஸ், அடர்த்தி வேறுபட்ட கிளிசரின் நீர்க் குப்பிகளில் நோயாளியின் ரத்தத்துளியை விட்டு, அது மிதப்பதையும் அமிழ்வதையும் கொண்டு, ஏற்றவேண்டிய அளவை நிர்ணயித்து, 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரணத்தை ஏறத்தாழப் பாதியாக்கினார். ஆயினும், ஊசி போட்டபின் நோயாளியை உலுக்கிய குளிர்காய்ச்சலின் மர்மம் நீங்கவில்லை. உப்புநீர் கலக்கப் பயன்பட்ட வாலைநீரைக் கொதிக்கவைத்தாலும் அழியாத கிருமிக்கழிவே அதற்குக் காரணம் என்று அமெரிக்காவின் ஆய்வாளர் ஃப்ளோரன்ஸ் சைபர்ட் 1923-இல் கண்டறிந்தார்.

மோல்மீன் சாலையில் 1913-இல் திறக்கப்பெற்று, 1920-இல் மிடில்டன் மருத்துவமனை எனப் பெயர்பெற்ற தொற்றுநோய் மருத்துவமனை இயங்கிய காலத்தில், 1963-இல் எல்டோர் வகை வாந்திபேதி சிங்கப்பூரைத் தாக்கிற்று. நடுவே துளையிட்ட கட்டிலின்கீழ் வாளி வைத்து, வெளியேறியதை அளந்து, அவ்வளவையே திரும்ப ஏற்றும் எளிய கணக்கை ஆசிய வைத்தியர்கள் அதற்குள் கைக்கொண்டுவிட்டனர்.

எனினும், பிழைகள் வடிவம் மாறினவேயன்றி மறையவில்லை. உப்புநீர்க் குப்பி என்று நினைத்து, அடர்ந்த பொட்டாசியக் குப்பியை எடுத்துவிட்டால் இருதயம் நின்றுபோகும். ஆகவே அத்தகைய அடர்கரைசல்களை வார்டுகளில் பொதுவாக அடுக்கிவைக்கலாகாது என்ற நெறியை உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் முன்வைத்தது. மிகுதியாக ஏற்றிய நீர் நுரையீரலில் தேங்கும். உப்புக் குறைந்த நீரை ஏற்றினால் மூளை வீங்கும்.

உடம்பு தளர்ந்தவுடன் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று வைத்தியரை வற்புறுத்துவது நம்மவரிடையே ஊறிய வழக்கம். குப்பியில் தொங்குவது வெறுந்தண்ணீர் அன்று, அளவறிந்து தரவேண்டிய மருந்து. வாயால் பருக இயலும்போது நாளத்தைத் தேடாதிருப்பதும், ஏற்றும்போது அது என்ன, எவ்வளவு, எதற்கு என்று தாதியரைக் கேட்டறிவதும் நம் கடமை.