மெல்லிய துண்டுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: சீன மொழியினருக்கு

தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும் பொருள்களைச் சீனர்கள் பெரும்பாலும் 'பியென்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். மரத்தைக் குறிக்கும் எழுத்தின் வலப்பாதியே இதன் எழுத்து. பிளந்த மரம் என்பதே இதன் பொருள் என்கிறது கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியெஸி' அகராதி. ரொட்டி, இலை, மாத்திரை ஆகியவற்றை எண்ணும்போதும் எண்ணுக்கு அடுத்து இச்சொல்லே வரும்.

ஆங்கிலத்தில் இதற்கு நிகரான ஒற்றைச் சொல் கிடையாது. துண்டின் வடிவத்தைவிட, அது எப்படிப் பிரிந்து வந்தது என்பதையே ஆங்கிலம் கவனிக்கிறது. கத்தியால் அகலமாக அரிந்தது 'ஸ்லைஸ்'. அடிபட்டுத் தெறித்தது 'சிப்'; விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பைக்கும் இதே சொல்தான். சுவரில் பழைய வண்ணப்பூச்சு ஏடு ஏடாக உரிந்து, தொட்டதும் உதிருமே, அது 'ஃபிளேக்'. கண்ணாடியோ மண்பாண்டமோ உடைந்த கூரிய சில்லு 'ஷார்ட்'. விரலில் ஏறும் சிலாம்பு 'ஸ்ப்ளின்டர்'. இதைச் சீனர்கள் முள் என்றே சொல்வார்கள். தச்சரின் இழைப்புளியிலிருந்து சுருண்டு விழுவது 'ஷேவிங்'. சீனத்தில் இதற்கு 'பாவ்ஹுவா', அதாவது இழைத்த பூ, என்ற அழகான தனிச்சொல் உண்டு.

ஆகவே இச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, அரிதல், தெறித்தல், உரிதல், இழைத்தல் என்னும் வினைகளோடு சேர்த்துக் கற்பதே நல்ல வழி.

இந்த விதிக்கு அடங்காதவையும் உண்டு. உருளைக்கிழங்கு வறுவலைச் சீனர்கள் 'ஷூபியென்' என்பார்கள். அதை அமெரிக்கர்கள் 'சிப்ஸ்' என்றும் பிரிட்டிஷார் 'கிரிஸ்ப்ஸ்' என்றும் சொல்வார்கள். பிரிட்டனில் 'சிப்ஸ்' கேட்டால் விரல் தடிமனில் நறுக்கிப் பொரித்த கிழங்குதான் தட்டுக்கு வரும். மின்னணுச் சில்லும் ஆங்கிலத்தில் 'சிப்' தான். சீனப் பெருநிலத்தில் அது 'ஷின்பியென்', தைவானில் 'ஜிங்பியென்'. ஆனால் அந்தச் சில்லுகள் வெட்டியெடுக்கப்படும் 300 மி.மீ. விட்டமுள்ள சிலிக்கான் வட்டு, ஆங்கிலத்தில் 'வேஃபர்'. மெல்லிய தட்டாக இருந்தும் சீனத்தில் அதன் பெயர் வட்டத்தைக் குறிக்கும் 'ஜிங்யுவான்'.

தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் தடுமாறக்கூடிய இடம் மாத்திரைதான். சீன வழக்கை அப்படியே மாற்றி 'டூ பீசஸ் ஆஃப் மெடிசின்' என்றால் ஆங்கிலமாகாது; 'டூ டேப்லெட்ஸ்' என்றாலே போதும். கடல், புல்வெளி போன்ற பரந்த பரப்புக்கும் 'பியென்' வரும். அங்கே மேற்சொன்ன ஆங்கிலச் சொற்களில் எதுவும் பொருந்தாது. 'ஸ்ட்ரெட்ச்' அல்லது 'எக்ஸ்பான்ஸ்' என்றே சொல்ல வேண்டும்.