காட்டு விடுதியும் காணியுரிமையும்

உல்லாசப் பிரயாணிகளுக்கான கைநூல்கள் கென்யாவின் 'ட்ரீ ரொப்ஸ்' விடுதியைப் பற்றி ஒரு கதையையே திரும்பத் திரும்பக் கூறும். 1952 பெப்ரவரி 5ஆம் நாளிரவு மரத்தின்மீதமைந்த அவ்விடுதியிலே தங்கிய எலிசபெத் இளவரசி, மறுநாள் தந்தையார் ஆறாம் ஜோர்ஜ் இறந்தமையால் அரசியானார் என்பதே அது. கதை பொய்யன்று. ஆயினும் அம்மரம் நின்ற நிலம் யாருடையது என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

நையேரி நகருக்கு அணித்தாயுள்ள அபெர்டெயர் மலையைக் கிக்கூயு மக்கள் நியண்டருவா என வழங்குவர். 1915ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் ஆபிரிக்கர் வாழ்ந்த நிலங்களையும் முடிக்குரியனவாக்கிற்று. வளமிக்க மேட்டுநிலங்கள் வெள்ளையரின் பண்ணைகளாயின. நிலமிழந்தோர் பலர் அப்பண்ணைகளிலேயே கூலிகளாயினர். 1932இல், நையேரியில் ஹோட்டல் நடத்திய எரிக் ஷேர்புறூக் வோக்கர், தம் விருந்தினர் இரவில் யானையையும் காண்டாமிருகத்தையும் கண்டு களிக்கவென, நீர்நிலையொன்றின் அருகே பெரியதொரு முகுமோ மரத்தில் இரண்டு அறைகளை அமைத்தார். அத்தி இனத்தைச் சார்ந்த முகுமோ, கிக்கூயு மக்கள் வழிபாடாற்றும் புனித மரமாகும். ஆபிரிக்கரின் காணிக் கோரிக்கைகளை ஆராயப் பிரித்தானிய அரசு ஆணைக்குழு நியமித்ததும் அதே 1932இலேதான். அதன் 1934ஆம் ஆண்டறிக்கையோ வெள்ளையரின் மேட்டுநில எல்லையையே உறுதிசெய்தது.

1950இல் அக்காடு தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1952 ஒக்டோபர் 20இல் அவசரகால நிலை பிறந்தது. காணியும் விடுதலையும் கோரிய 'மௌ மௌ' போராளிகள் அம்மலைக்காட்டிலே தஞ்சம் புகுந்தனர். விலங்குகளுக்கெனப் பாதுகாக்கப்பட்ட காடு மனிதருக்குத் தடைசெய்யப்பட்ட வலயமாயிற்று. விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. 1954இல் மரவிடுதி தீக்கிரையாயிற்று.

போராளித் தலைவர் டெடான் கிமாதி 1956 ஒக்டோபரில் நையேரிக்கு அருகே பிடிபட்டு, 1957 பெப்ரவரி 18இல் தூக்கிலிடப்பட்டார். அதே 1957இல் நீர்நிலையின் மறுகரையிலே முன்னதிலும் பெரியதாய்ப் புதிய விடுதி எழுந்தது. அவசரகால நிலை இன்னும் நீங்கவில்லை. விருந்தினருக்கோ காடு மீண்டும் திறந்துவிட்டது!

சித்திரவதைக்குள்ளான 5,228 கென்யருக்கு இழப்பீடு வழங்கப் பிரித்தானிய அரசு உடன்பட்டது 2013இலேதான்.

காடுகளைக் காத்தல் அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், காவல் என்ற பெயரால் உழுதவனை வெளியேற்றி, உல்லாசியை உள்ளே அழைக்கும் சட்டம் எவருடைய நலனைக் காக்கின்றது? காட்டு விடுதி எழும் இடமெங்கும் நம் மாணவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.