தலையெழுத்தா, உயிரணுவின் எழுத்தா?

பைக்காரா என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்சாரம். முக்குருத்தி மலைப்பக்கம் பிறந்து, அருவியாய் வீழ்ந்து, மோயாறாய் ஓடும் அந்நீரின் ஆற்றலை 1932இல் கம்பியேற்றிக் கோவை ஆலைகளுக்கு அனுப்பினர். அடிவாரக் காட்டுக் குடிசையில் விளக்கெரிந்ததா என்று அந்நாளில் எவர் கேட்டார்? அங்கு வாழ்ந்த இருளர், குறும்பர் இல்லங்களில் குழந்தை வெளுக்கும்; மூட்டுகள் வலியால் துடிக்கும்; இளமையிலேயே உயிர் பிரியும். இத்தகைய துயரைத் 'தலையெழுத்து' என ஒரே சொல்லில் முடிப்பது நம் நாட்டு வழக்கமன்றோ!

எழுத்துத்தான். ஆனால் தலையில் எவனோ எழுதியதன்று. குருதியணுவை ஆக்கும் ஏட்டில் நேர்ந்த ஒரே ஓர் எழுத்துப் பிழை.

1952இல் எர்மன் லெமான், மேரி கட்புஷ் எனும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியை ஆய்ந்து, ஆப்பிரிக்க மக்களிடம் முன்பே அறியப்பட்ட அரிவாளணுக் குணம் இங்கும் உளதென உரைத்தனர். உயிர்வளி குறைந்தால், வட்டமான சிவப்பணு கதிரரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். லெமான் யார்? 'தூய குருதி' பேசிய இட்லரின் செருமனியை விட்டு இங்கிலாந்தில் புகலடைந்த யூத மரபினர்!

பிழை எங்ஙனம் நேர்ந்தது? ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய முன்னோரை எண்ணுவோம். ஒருவன் கண் தவறும். அடுத்தவன் அத்தவற்றையே எழுதுவான். நாளடைவில் அதுவே பாடமாகும். உயிரணுவும் இரண்டாகப் பிரியுமுன் டி.என்.ஏ. எனும் தன் ஏட்டைப் பெயர்த்தாக வேண்டும். அவ்வேடு முறுக்கிய இரட்டை இழை என்பதை 1953இல் வாட்சனும் கிரிக்கும் அறிவித்தனர். ரோசலிண்ட் பிராங்ளின் ஆய்வுக்கூடத்து ஊடுகதிர்ப் படம் அவர்கட்கு வழிகாட்டிற்று. நான்கே எழுத்துகள். அடினைனுக்குத் தைமின் இணை, குவானைனுக்குச் சைட்டோசின். இழைகள் பிரியும்; ஒவ்வோர் இழையும் தன் இணையைப் புதிதாகக் கட்டும். ஆகவே பிறக்கும் ஒவ்வோர் ஏட்டிலும் பாதி பழையது, பாதி புதியது. 1958இல் மெசல்சனும் சுடாலும் கனத்த நைட்ரசனில் நுண்ணுயிரை வளர்த்து இதை மெய்ப்பித்தனர். பெயர்த்தெழுதும் நொதி தன் தவற்றைத் தானே திருத்தியும் செல்கிறது. எந்த ஏடெழுதுவோனும் இத்துணைக் கவனம் காட்டியதில்லை!

எனினும் என்றோ ஒருநாள், அடினைன் நிற்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் நின்றுவிட்டது. கருவணுவில் எஞ்சிய அப்பிழை வழிவழியாகப் பெயர்த்தெழுதப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குழந்தைக்கே கடுநோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என 1954இல் அலிசன் ஆப்பிரிக்காவில் கண்டார். காய்ச்சல் மண்டிய காட்டில் பிழையே கேடயமாயிற்று. ஆதலால் அது அழியவில்லை. இதில் முற்பிறவி எங்கே வந்தது?

இந்நோயை ஒழிக்க நடுவண் அரசு 2023இல் ஓர் இயக்கம் தொடங்கி, 7 கோடிப் பேரின் குருதியை ஆய்வதெனத் திட்டமிட்டது. அதே ஆண்டில் மரபணுவைத் திருத்தி இந்நோயைத் தணிக்கும் மருத்துவத்துக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அப்போது அதற்கு அறிவிக்கப்பட்ட விலை ஆளொன்றுக்கு 22 இலட்சம் டாலர். மோயாற்றங்கரைக்கு அது எந்நாள் வந்து சேரும்?