திரும்பி வராத ஹேபியர் அடிகளார்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923 இல் பிறந்தவர் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர். இயேசு சபையைச் சேர்ந்த அவர் 1948 இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். பிரசங்க மேடையை விடக் கூடைப்பந்தாட்டத் திடலிலேயே மாணவர்கள் அவரை அதிகம் அறிந்திருந்தனர்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய நாட்கள் அவை. வாழைச்சேனையில் அருட்சகோதரிகள் சிக்கியிருந்தனர். அவர்களுக்கு உதவ அடிகளார் அங்கு சென்றார். அப்போது அவருக்கு வயது 66. விரும்பியிருந்தால் தாய்நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

ஓகஸ்ட் 15 அன்று, தமிழ் இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், ஏறாவூர்ப் பகுதியில் இருவரும் காணாமல் போயினர். உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

கிறிஸ்தவ வாழ்வில் விசுவாசம், பணி, உறவு ஒன்றிப்பு என்பவற்றை மூன்று பாடங்களாகக் கற்பிப்பதுண்டு. அன்று வாழைச்சேனைக்குப் போன அந்தப் பயணத்தில் மூன்றும் ஒன்றாகவே இருந்தன. வெளிநாட்டுக் குருவும் உள்ளூர் இளைஞரும் ஒரே வீதியில் மறைந்தனர். காணாமல் ஆக்கப்பட்டோரை நினைத்து விளக்கேற்றும்போது, குருவின் பெயரோடு அந்த இளைஞரையும் நினைவுகூர்வது நம் கடமை.