கேரளக் கல்வி மசோதாவும் அரசியல் பாடமும்

அரசியல் அறிவியல் பயிலும் கல்லூரி மாணவர் 1959-ஆம் ஆண்டுக் கேரளத்தைப் பெரும்பாலும் ஒரே தலைப்பின்கீழ்ச் சந்திக்கிறார்: அரசியலமைப்புச் சட்டத்தின் 356-ஆவது பிரிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை மைய அரசு கலைத்த வரலாறாகவே பாடம் முடிந்துவிடுகிறது. பூசலின் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தைப் பற்றியது என்பது அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி அமைத்தது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி, திருச்சூர் தூய தோமையார் கல்லூரியில் பேராசிரியராயிருந்தவர், இலக்கியத் திறனாய்வாளர், பிறப்பால் கத்தோலிக்கர். அவருடைய மசோதா உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்க வகைசெய்தது. ஆசிரியர்களைத் தேர்வாணையப் பட்டியலிலிருந்தே நியமிக்க வேண்டும் என்றது. பள்ளிகளை அரசு ஏற்கவும் இடமளித்தது.

இங்கேதான் கத்தோலிக்க மாணவர் நின்று சிந்திக்க வேண்டும். பிள்ளைகளின் கல்வியில் பெற்றோர்க்குள்ள உரிமையைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1929-இல் வற்புறுத்தியிருந்தார். உழைப்பவர்க்கு நியாயமான கூலி வேண்டுமென்று பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே எழுதிவிட்டார். முதலாவதை நாம் உரக்கச் சொன்னோம்; ஆசிரியரின் ஊதியத்தைப் பொறுத்தவரை இரண்டாவது மசோதாவின் பக்கமே நின்றது என்பேன்.

குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, 1958 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் வழியாகப் பதிலளித்தது. பள்ளிகளை அரசு ஏற்பது சிறுபான்மையினரின் 30(1) உரிமைக்கு முரண். ஆசிரியர் நியமனக் கட்டுப்பாடு, கடுமையானதே எனினும், உதவிபெறுவதற்குரிய நிபந்தனையாக ஏற்கத்தக்கது. நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாணவர் கையில் முதலில் தரவேண்டியது இத்தீர்ப்புரையே.

திருத்தப்பட்ட மசோதா 1959 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது. ஜூன் 12-இல் 'விடுதலைப் போராட்டம்' வெடித்தது. திருச்சபையும், மன்னத்து பத்மநாபனின் நாயர் சங்கமும், காங்கிரசும், முஸ்லிம் லீக்கும் ஓரணியில் நின்றன. நிலச் சீர்திருத்தத்தால் இழப்பு நேரும் என்று அஞ்சியவர்களும் அவ்வணியில் இருந்தனர். அதை மறைத்துப் பயனில்லை. மறுநாள் அங்கமாலியில் காவல்துறை சுட்டதில் 7 பேர் மாண்டனர். ஜூலை 31-இல் அரசு கலைக்கப்பட்டது.

1960-இல் பதவியேற்ற கூட்டணி அரசு, சட்டத்தின் 11-ஆம் பிரிவைத் திருத்தி நியமன உரிமையை மேலாளர்களுக்கே அளித்தது. அரசே ஊதியம் தரும் ஏற்பாட்டை மட்டும் அது நீக்கவில்லை. கேரளத்தின் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள், நம் மறைமாவட்டங்களின் பள்ளிகளில் இருப்பவர்கள் உட்பட, இன்றும் அரசிடமே ஊதியம் பெறுகின்றனர்.